பத்துக்குப் பத்து வாங்கிய மனு

அரசாங்கம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில் தப்பே இல்லை. அது அரசாங்கத்தின் காதில் விழுகிற மாதிரி சொல்லித் தருவதுதான் தப்பு. இந்த வித்தியாசம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பியூன் உட்பட எல்லோருக்கும் தெரிந்திருந்தது, தவசிமுத்துவுக்கு மட்டும் தெரியவில்லை.

ராயபுரத்தில், துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் போகிற லைனை ஒட்டி இருந்தது எங்கள் நடுநிலைப் பள்ளி. நான் அங்கே ட்ராயிங் மாஸ்டர். எழுபத்தொன்றாம் வருடம் ஜூன் மாதத்தில் தவசிமுத்து தற்காலிக ஆசிரியராக வந்து சேர்ந்தார். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். கடைத்தெருவில் அவருடைய அண்ணன் மளிகைக்கடை வைத்திருந்தார். கடைக்கு மேலேயே தம்பிக்கும் ஜாகை. வந்த அன்றைக்கே தலைமை ஆசிரியர் செல்வநாதன் அவர் தலையில் குடிமைப் பயிற்சியைக் கட்டினார். மறுத்துப் பேசத் தெரியாதவர்களுக்கென்றே எங்கள் பள்ளியில் ஒதுக்கி வைத்திருந்த பாடம் அது.

குடிமைப் பயிற்சிக்கு வாரத்தில் இரண்டு பீரியட். அந்த நேரத்தில் பிள்ளைகள் மைதானத்தைப் பெருக்குவார்கள், செல்வநாதனின் சைக்கிளைத் துடைப்பார்கள். முடிந்ததும் பதிவேட்டில் ஆசிரியர் ஒரு வரி எழுத வேண்டும்: ‘களப்பயிற்சி நடந்தது. கலந்துகொண்டவர்: அனைவரும்.’ பன்னிரண்டு வருடமாக அந்த வரி மாறவில்லை. தவசிமுத்து முதல் வாரமே அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “களத்துக்கு நாம போகவே இல்லியே, சார்” என்றார். செல்வநாதன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்த ஆள் தேறமாட்டார் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

பள்ளியின் பின்பக்கம் ஒரு சிமென்ட் தொட்டி, தொட்டிக்கு மேலே ஒரு குழாய். அந்தக் குழாயில் மூன்று வருடமாகத் தண்ணீர் வந்ததில்லை. ஆயுத பூஜைக்குப் பியூன் அதற்கும் ஒரு பொட்டு வைப்பான், அவ்வளவுதான் அதற்கும் எங்களுக்கும் உறவு. பிள்ளைகளுக்குத் தாகம் எடுத்தால் சரக்கு லைனைத் தாண்டி அந்தப் பக்கம் கேட்மேன் சிலுவைமுத்துவின் குடிசைக்குப் போவார்கள். அங்கே ரயில்வே குழாய் உண்டு. சிலுவைமுத்து நல்ல மனுஷன், விரட்டமாட்டார். ஆனால் அந்த லைனில் எஞ்சின் எப்போது முன்னால் போகும், எப்போது பின்னால் வரும் என்பது எஞ்சினுக்கே தெரியாது.

ஆகஸ்டில் ஒரு நாள், ஏழாம் வகுப்பு லீடர் பிலோமி தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும்போது, போன வாகன்கள் திடுமெனப் பின்னால் வந்தன. பதறிக் குதித்த பெண் ஜல்லியில் விழுந்ததில் முழங்கால் எலும்பு தெரியக் கிழிந்துவிட்டது. வாகன் அவளை ஒரு முழத்தில் தாண்டிப் போனது. தவசிமுத்துதான் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் வேட்டியெல்லாம் ரத்தம். விபத்து பள்ளிக்கூட எல்லைக்கு வெளியே நடந்தது என்பதை செல்வநாதன் நாடாவைப் பிடித்து அளந்து உறுதி செய்துகொண்டு, பிறகு நிம்மதியாக டிபன் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து தவசிமுத்துவுக்கு ஒரே எண்ணம்தான்: இந்தப் பிள்ளைகள் லைனைத் தாண்டக் கூடாது, குழாயில் தண்ணீர் வர வேண்டும். வேறு யாராவது என்றால் தண்ணீர் சுமந்து ஊற்ற ஒரு குடத்துக்காரியை ஏற்பாடு செய்திருப்பார்கள். இவர் பாடப்புத்தகத்தைத் திறந்தார்.

ஒன்பதாம் பாடம், ‘குறையும் மனுவும்’. ‘குறையுள்ள குடிமகன் கோபிக்கமாட்டான், மனு எழுதுவான்’ என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மாணவர் எழுதும் மனுக்களைக் குடிமைப் பயிற்சி மேம்பாட்டு அலுவலகம் உரிய துறைக்கு அனுப்பிவைக்கும் என்று கீழே முகவரியும் இருந்தது. இருபது வருடமாக அச்சாகிவரும் புத்தகம். அந்த முகவரிக்கு ஒரு கடிதம் போனால் என்ன ஆகும் என்று அச்சடித்தவர்களே யோசித்திருக்கமாட்டார்கள். பிலோமிக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவளை எழுதவைத்து, நாற்பத்திரண்டு பிள்ளைகளிடமும் கையெழுத்து வாங்கி, தவசிமுத்து அதை நிஜமாகவே தபாலில் சேர்த்துவிட்டார்.

இருபத்திரண்டு நாள் கழித்துப் பழுப்பு உறையில் பதில் வந்தது. வகுப்பே எழுந்து நின்றது. உள்ளே இருந்தது அவர்கள் அனுப்பிய அதே மனு. மேலே சிவப்பு மையில் பத்துக்கு ஆறு என்று மார்க் போட்டிருந்தது. இடது ஓரம் போதவில்லை, ‘பணிவுடன்’ என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது, ‘தண்ணீர் வரவில்லை’ என்று முகத்திலடித்தாற்போலச் சொல்வது அலுவலகத்தைப் புண்படுத்தும் என்றெல்லாம் குறிப்பு. கீழே, சிறப்பு அலுவலர் சுப்புராஜ் என்று கையெழுத்து.

தவசிமுத்து என்னிடம் அதைக் காட்டி, “அண்ணாச்சி, இது திருத்தத்துக்கு வந்திருக்கோ?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுபடி எழுதினார்கள். ஓரம் விட்டார்கள். ஐந்து இடத்தில் பணிந்தார்கள். ஏழரை மார்க் வந்தது; முழங்கால் காயம் தேவையற்ற விவரம், மனுவின் நடைக்கு ஊறு செய்கிறது என்று குறிப்பு வந்தது. பிலோமி அன்றைக்குத்தான் கட்டைப் பிரித்திருந்தாள். தன் முழங்காலைத் தானே மனுவிலிருந்து அடித்துவிட்டு மூன்றாம் தடவை எழுதினாள். பொங்கல் கழித்து அந்த மூன்றாவது மனு பத்துக்குப் பத்து வாங்கியது. அதன் சாரம் இது: எங்கள் பள்ளியில் குழாய் ஒன்று இருப்பதற்கு நாங்கள் என்றென்றும் கடமைப்பட்டுள்ளோம், அதில் என்றேனும் தண்ணீரும் வருமாயின், எங்கள் நன்றி இரட்டிப்பாகும்.

வட்டாரத்திலேயே சிறந்த மனு என்று பரிசு அறிவித்தார்கள். பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். ‘சிறந்த மனு, 1972’ என்று அதில் வெட்டியிருந்தது. பிலோமி அதைக் கவிழ்த்துப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள்.

“சார், பத்துக்குப் பத்து போட்டாங்களே. தண்ணி எப்போ சார் வுடுவாங்க?”

தவசிமுத்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று ஒன்பதாம் பாடத்தில் இல்லை. பத்தாம் பாடம் தேசியப் பறவை.

இத்தோடு விட்டிருந்தால் போகட்டும் என்று இருந்திருக்கலாம். சுப்புராஜின் அலுவலகம் அந்த மனுவை மாதிரி மனுவாக அச்சடித்து வட்டாரத்தின் நூற்று நாற்பது பள்ளிக்கும் அனுப்பி, பார்த்து எழுதச் சொன்னது. பிள்ளைகள் எழுதினார்கள். நெட்டுக்குப்பத்துப் பள்ளியில் வற்றாத கிணறு, அவர்களும் எழுதினார்கள். நூற்று நாற்பது பள்ளியின் குழாய்களிலும் தண்ணீர் வரவில்லை என்று அலுவலகத்துக்கு மூட்டை மூட்டையாக மனு போய்ச் சேர்ந்தது. வட்டாரமெங்கும் குடிமை உணர்வு கரைபுரண்டு ஓடுகிறது என்று சுப்புராஜ் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினாராம். கரைபுரண்டு ஓட அது ஒன்றாவது இருந்ததே.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிலோமியின் அப்பா ஹென்றி பூசை முடிந்து பள்ளிக்கூடம் பக்கம் வந்தார். துறைமுக ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். மகளை இத்தனை நாள் லைனுக்கு அந்தப் பக்கம் அனுப்பியது போதும் என்று முடிவு பண்ணி, கையில் ஒரு கடப்பாரையும் தன் சொந்த ஸ்பானரும் எடுத்து வந்திருந்தார். தெருவில் குழாய் வரும் திக்கைக் கண்ணால் அளந்து, நாலு அடி நடந்து, ஒரு இடத்தில் தார் ரோட்டைக் கொத்தினார். உள்ளே வால்வு இருந்தது. எப்போதோ ரிப்பேருக்காக மூடினவர்கள் திறக்க மறந்திருக்கிறார்கள், அதற்குள் ரோடு போடுகிறவர்கள் வந்து அதன் மேலேயே தாரை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஹென்றி ஸ்பானரைப் போட்டு ஏழு சுற்று சுற்றினார். தொட்டியில் தண்ணீர் கொட்டியது.

செய்தி கேட்டு ஓடிவந்த தவசிமுத்து அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கண்ணில் நீர் கட்டிவிட்டது அவருக்கு.

“இதுக்கா வாத்யாரே ஒரு வருசமா எய்தினு இருந்தீங்க?” என்றார் ஹென்றி. “என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே தொறந்து வுட்டுருப்பேன்.”

இரண்டு மாதம் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குள்ளேயே தண்ணீர் குடித்தார்கள். ஒருத்தரும் லைனைத் தாண்டவில்லை. அந்த இரண்டு மாதத்தில் எங்கள் பள்ளி நடந்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை என்றுதான் சொல்லுவேன்.

செப்டம்பரில் ஓலை வந்தது. மாதிரி மனு பிறந்த பள்ளியைச் சிறப்பு அலுவலர் நேரில் காண வருகிறார், மனுவைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும், அவர் திறந்துவைப்பார். ஆசிரியர் தவசிமுத்துவின் பணி நிரந்தர உத்தரவையும் கையோடு எடுத்துவருவார். சட்டத்தைச் சுற்றிப் படம் வரைகிற வேலை என் தலையில். குழாயும் அதிலிருந்து சொட்டுகிற தண்ணீருமாக அழகாகத்தான் வரைந்திருந்தேன்.

நல்ல புரட்டாசி வெயில். காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. சுப்புராஜ் இறங்கினார். பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த ஃபைல். முதலில் பதிவேட்டைக் கேட்டார். களப்பயிற்சிக் கட்டம் ஒரு வருடமாகக் காலியாக இருப்பதைக் கண்டு நெற்றியைச் சுருக்கினார். பிறகு சட்டத்தைப் பார்த்தார். நான் வரைந்த சொட்டுகள் மனுவின் வாசகத்துக்கு முரணாக இருப்பதாகச் சொல்லி அவற்றை அழிக்கச் சொன்னார். வெள்ளை பூசி அழித்தேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. அழித்துக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்திலிருந்து நிஜத் தண்ணீர் கொட்டும் சத்தம் அவர் காதில் விழுந்தது.

போய்ப் பார்த்தார். குழாயின் அடியில் இரண்டு சிறுசுகள் கை ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தன. எந்த உத்தரவின் பேரில் இந்தத் தண்ணீர் வருகிறது என்று கேட்டார். தவசிமுத்து நடந்ததை நடந்தபடியே சொன்னார். ஹென்றி, வால்வு, ஏழு சுற்று, எல்லாம்.

சுப்புராஜ் நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார். அவருடைய விளக்கத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. தண்ணீர் வருகிறது என்றால் மனு பொய். பொய் மனுவுக்குப் பத்துக்குப் பத்து போட்டவர் அவர்; அதை நூற்று நாற்பது பள்ளிக்கு அனுப்பியவரும் அவர். அந்தப் பொய்யை எழுத வைத்த ஆசிரியர் பிறகு வேலையில் இருக்க முடியாது. தண்ணீர் வரவில்லை என்றால் மனு உண்மை, பரிசு உண்மை, பையில் இருக்கிற நிரந்தர உத்தரவும் உண்மை.

“கோப்பு முடிவதற்கு முன்னால் குறை முடிவது ஒழுங்கீனம், மிஸ்டர் தவசிமுத்து” என்றார்.

தவசிமுத்து குழாயைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய மனுஷன், அண்ணன் கடை மாடியில் சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கிறவர். செல்வநாதன் அவர் வாயைத் திறக்கவிடவில்லை. வால்வை மூடச் சொல்லிப் பியூனைத் துரத்தினார். அலுவலகத்திடம் அதற்கான கருவி இல்லை. ஹென்றி டூட்டிக்குப் போயிருந்ததால், வீட்டுக்கு ஓடி ஸ்பானரை எடுத்துவரும்படி பிலோமியிடமே சொன்னார்கள். கொண்டுவந்தாள். பியூன் ஏழு சுற்று மூடினான். தொட்டியில் மிச்சம் இருந்ததைச் சாட்சிகள் முன்னிலையில் திறந்துவிட்டார்கள். கடைசிச் சொட்டு வடிந்த பிறகு, ‘நேரில் ஆய்வு செய்தேன். குழாயில் தண்ணீர் இல்லை. மணி 11.05’ என்று பதிவேட்டில் எழுதிச் சுப்புராஜ் கையெழுத்திட்டார். தவசிமுத்துவும் கீழே போட்டார். உத்தரவு அவர் கைக்கு வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைக்கக்கூடத் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு விழா. சட்டத்தின் திரையை விலக்கிவிட்டு சுப்புராஜ் ஒரு மணி நேரம் பேசினார். தகரக் கொட்டகை, மேலே காக்கை கூட உட்காராத சூடு.

“மாணவச் செல்வங்களே, தண்ணீர் இன்று வரும், நாளை நிற்கும். மனுவோ நிலைத்து நிற்கும். உங்கள் குறையை ஒரு வருடமாக எங்கள் அலுவலகம் கண்ணை இமை காப்பதுபோலக் காத்துவருகிறது. ஒரு துளி சேதமில்லை. குறையே இல்லாவிட்டால் குடிமகன் எதற்கு எங்களை நினைக்கப்போகிறான்? சற்றே எண்ணிப் பாருங்கள்.”

நேர்மையைப் பற்றியும் பேசினார். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் காப்பியோ, சோடாவோ, ஒரு வாய்த் தண்ணீரோ கூட வெளியிலிருந்து வாங்கித் தரக் கூடாது என்று தாமே சுற்றறிக்கை போட்டிருப்பதை ஃபைலிலிருந்து எடுத்து முழுக்கப் படித்துக் காட்டினார். மீறினால் சஸ்பென்ஷன். நாங்கள் கை தட்டினோம்.

அந்தக் கைத்தட்டலின்போதுதான் அவருக்கு விக்கல் எடுத்தது. தொண்டையைச் செருமினார். முகம் சிவந்து வேர்வை வழிந்தது. கொஞ்சம் தண்ணீர் என்றார். செல்வநாதன் சோடாக்கடையை நோக்கி ஒரு கால் எடுத்துவைத்து, சுற்றறிக்கை ஞாபகம் வந்து, அந்தக் காலைத் திரும்ப வைத்துக்கொண்டார். ஜீப் டிரைவரோ எண்ணெய் போடப் போயிருந்தான்.

பிலோமி ஸ்பானரோடு எழுந்தாள்.

“வால்வைத் தொறக்கட்டா சார்?”

சுப்புராஜ் தலையாட்டப் போனார். அப்போதுதான் தவசிமுத்து முன்னால் வந்தார். கையில் பதிவேடு. மெத்தப் பணிவாக, வகுப்பில் பாடம் வாசிக்கிற அதே குரலில் சொன்னார்:

“குழாயில தண்ணி இல்லன்னு ஐயா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப வந்துச்சுன்னா ஐயா எழுதினது பொய்யாயிருமே. தண்ணி அந்தப் பக்கம் கேட்டுல இருக்கு. பிள்ளைங்க எல்லாம் அங்கதான் போவும்.”

அவர் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. முகத்தில் எப்போதும் இருக்கிற அதே மிரட்சிதான் இருந்தது. கையில் இருந்த உத்தரவு மட்டும் கசங்கியிருந்தது.

சுப்புராஜ் பதிவேட்டைப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார், இன்னொரு முறை விக்கினார். பிலோமி பரிசு டம்ளரைத் துடைத்து அவர் கையில் கொடுத்து வழி காட்ட முன்னால் நடந்தாள். நாங்கள் எல்லோரும் வேலியோரம் போய் நின்றோம்.

சரக்கு வண்டி ஒன்று மெதுவாகத் துறைமுகத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நிழல் இல்லாத இடம். சிறப்பு அலுவலர் டம்ளரோடு நின்றார். கடைசி வாகன் தாண்டியதும் லைனில் காலை வைத்தார். பிலோமி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

“நில்லு சார். அது போவாது. ரிவர்ஸ்ல வரும்.”

வந்தது. ஒரு முழ தூரத்தில், தடதடவென்று அத்தனை வாகனும் பின்பக்கமாக. சுப்புராஜ் டம்ளரோடு இரண்டடி பின்னால் போனார். பிலோமி தன் பாவாடையை இத்தனூண்டு தூக்கி முழங்கால் தழும்பைக் காட்டி என்னவோ சொன்னாள். தேவையற்ற விவரமாகத்தான் இருக்க வேண்டும். இம்முறை அவர் குனிந்து பார்த்தார்.

வண்டி இன்னும் இரண்டு முறை போய் வந்தது. அரைமணி நேரம் கழித்துத்தான் அவர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். ரயில்வே குழாயில் மூன்று டம்ளர் குடித்தார். சிலுவைமுத்து கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரையே பார்த்திருந்துவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டாராம். பிலோமி வந்து சொன்னது இது:

“இன்னா சார், இஸ்கூல்ல தண்ணி இல்லியா? ஒரு மனு கினு எய்திப் போடக் கூடாதா?”

திரும்பி வந்த சுப்புராஜ் நேராக ஜீப்பை நோக்கி நடந்தார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, திறந்துகொள்ளுங்கள், எழுத்தில் மட்டும் கேட்காதீர்கள் என்று சொன்னார். ஜீப் முக்கு திரும்புவதற்குள் பிலோமி ஏழு சுற்று சுற்றிவிட்டாள்.

சட்டம் போட்ட மனு கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, பின்பக்கம் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மனு இன்றைக்கும் பரிசீலனையில்தான் இருக்கும், சந்தேகமில்லை. அன்று மாலை மணி அடித்த பிறகு தவசிமுத்து பதிவேட்டை விரித்து, ஒரு வருடமாகக் காலியாக விட்டிருந்த கட்டத்தில் முதல் தடவையாகப் பேனாவை வைத்தார். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

‘களப்பயிற்சி நடந்தது. கலந்துகொண்டவர்: ஒருவர்.’